சதுப்போரத்து இடம்

தள்ளுவண்டியைத் தள்ளியதற்காக என் கணவன் ஐவினின் படம் உள்ளூர்ப் பேப்பரில் வந்தது. ஆற்றங்கரைச் சாலை, பின்னால் மஞ்சள் பூத்த பிர்ச் மரங்கள், அவன் முகத்தில் ஒரு தியாகியின் புன்னகை. ‘இந்த இலையுதிர் காலம் மகளுக்காக’ என்று தலைப்பு. அதற்கு முந்தைய பத்து மாதமும் அதே வண்டியை, அதே சாலையில், பனியிலும் சேற்றிலும் நான் தள்ளினேன். ஒரு காக்கை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமியார் அந்தப் படத்தை வெட்டி எங்கள் குளிர்பெட்டியில் ஒட்டிவிட்டுப் போனாள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு என்னை வரவேற்கும். பற்றிக்கொண்டு வரும்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் இருந்தது. என் பிரசவ விடுப்பு முடிந்து, குழந்தையின் அப்பாவாக அவனுக்குக் கிடைக்கும் விடுப்பு தொடங்கிவிட்டது. நான் காட்டில் மரம் வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறவள், வேலைக்குத் திரும்பிவிட்டேன். எல்க் மான் வேட்டை வாரத்துக்கு மட்டும் லீவு போட்டு வைத்திருந்தேன். இந்த வருடம் சதுப்போரத்து இடத்தில் உட்காருவது நான். குழந்தை சிக்னேயைப் பார்த்துக்கொள்வது அவன். கோடையிலேயே பேசி, அவனும் தலையாட்டியாயிற்று.

அந்த இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாய் காட்டுக்குள் மானைக் கிளப்பும்போது, அது சதுப்பைக் கடந்துதான் மலைப்பக்கம் ஓடும். கடக்கிற இடத்துக்கு நேர் எதிரே ஒரு பாறை. என் அப்பா ஆயுள் முழுக்க அங்கேதான் உட்கார்ந்தார். நான் சுடும் பரீட்சையில் வருடா வருடம் தேறினாலும், என்னை நாயோடு புதருக்குள் நடக்க விடுவார்கள், இல்லாவிட்டால் நெருப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். “உன் காபி மாதிரி வராதும்மா” என்பார் அப்பா. பாராட்டுகிறாராம்.

அப்பா போனபின், மூத்த பிள்ளை என்ற முறையில் பண்ணையும் காடும் எனக்கு வந்தன. தம்பி ஆண்பிள்ளை என்பதெல்லாம் எங்கள் சட்டத்தில் செல்லாது. ஆனால் அடுத்த வேட்டையில் அந்தப் பாறையில் போய் உட்கார்ந்தது யார் தெரியுமா? ஐவின். நகரத்தில் பிறந்து, என்னைக் கட்டிக்கொண்ட பிறகு துப்பாக்கி பிடிக்கக் கற்றவன். அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான். வேட்டைக் குழுத் தலைவர் தூர்மூ அவன் பெயரைச் சொன்னார், எல்லோரும் தலையாட்டினார்கள். அப்போது நானும் ஆட்டித் தொலைத்தேன். சட்டம் எனக்கு நிலத்தைக் கொடுத்தது, வழக்கம் என் கணவனுக்கு அதில் ஆசனம் போட்டுக் கொடுத்தது.

வேட்டைக்கு முந்தைய மாலை எல்லோரும் வேட்டைக் குடிசையில் கூடினோம். தூர்மூ யார் யார் எங்கே என்று சொல்லிக்கொண்டே வந்தார். சதுப்போரம் வந்ததும், கொஞ்சம்கூட யோசிக்காமல் ஐவின் என்றார். எனக்கு நெருப்பைப் பார்க்கும் வேலை. என் கணவன் என்னைப் பார்க்காமல் தன் பூட்ஸைப் பார்த்தான். அப்புறம், அம்மா குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள் என்று மென்று விழுங்கினான். குளிர்பெட்டியிலிருந்து சிரிக்கிறவன்தான்.

“விடுப்பு உனக்கா உங்கம்மாவுக்கா?” என்று கேட்டேன்.

தூர்மூ தொண்டையைச் செருமிக்கொண்டு, வீட்டுச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்றார். இது வீட்டுச் சண்டை இல்லை, என் நிலத்தில் எங்கே யார் உட்காருவது என்கிற விஷயம் என்றேன். முனகிக்கொண்டு, சரி, இந்த ஒரு தடவை என்று ஒப்புக்கொண்டார். ஏதோ தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல.

காலையில் பாறையில் உட்கார்ந்தேன். சதுப்பின் மேல் பனிமூட்டம் கிடந்தது. காதில் வாக்கி டாக்கியின் சின்னக் கருவி. தூரத்தில் நாய் குரைக்க ஆரம்பித்தது, குரைப்பு நெருங்கியது. கிளை முறியும் சத்தம். பிறகு ஓர் ஆண் எல்க், கொம்பெல்லாம் ஈரம் சொட்ட, சதுப்பின் நடுவே வந்து நின்றது. அவ்வளவு பெரியதை நான் பார்த்ததில்லை. பக்கவாட்டில் திரும்பியது. துப்பாக்கியை உயர்த்தினேன். பாதுகாப்பு விசையைத் தள்ளினேன்.

சுடுமுன் மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எல்லா ஊரிலும் அதுதான் முதல் பாடம். பார்த்தேன்.

மானுக்குப் பின்னால், காட்டுப் பாதையில், எங்கள் சிவப்புத் தள்ளுவண்டி.

விரல் விசையிலிருந்து தானாக விலகிவிட்டது. துப்பாக்கியை இறக்கி, குண்டை வெளியே எடுத்தேன். அது நழுவிப் பாசிக்குள் விழுந்தது. அதற்குள் சிக்னே வீறிட்டாள். மான் ஒரே பாய்ச்சலில் மறைந்தது. ஐவின் கையை அசைத்தான். ஆமாம், அசைத்தான், ரயிலடியில் வழியனுப்புகிறவன் மாதிரி. வேட்டைக் காட்டில் கண்ணில் படுவதற்காகப் போடும் ஆரஞ்சுத் தொப்பி கூட இல்லை.

நான் ஓடிப்போய் முதலில் குழந்தையைத் தூக்கினேன். அவள் கன்னம் சூடாக இருந்தது. அந்தச் சூடு போதும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம்தான் அவனைப் பார்த்து ஏன் வந்தாய் என்று கேட்டேன். குழந்தை தூங்கவே மாட்டேன் என்கிறாள், குலுங்கும் பாதையில் தள்ளினால் தூங்குவாள் என்று வந்தானாம். பின்பு, குரலைத் தாழ்த்தி, “சும்மா ஒரு எட்டுப் பாக்கலாம்னு... இங்க இல்லாம இருக்க முடியல ரன்வைக்” என்றான்.

நடந்ததை வாக்கி டாக்கியில் சொன்னேன், எல்லோரும் நெருப்பருகே கூடினார்கள். வந்த ஆண்கள் ஒவ்வொருவராக ஐவினின் தோளைத் தட்டினார்கள். ஒருவர் அவனுக்குக் காபி ஊற்றினார். எனக்கு யாரும் ஊற்றவில்லை. தூர்மூ என்னைப் பார்த்து, குறை சொல்வதுபோல் தலையை இடவலமாக ஆட்டினார்.

“பாவம், தனியா பிள்ளையோட தவிச்சுப்போயிருக்கான். நீ வீட்டுல இருந்திருந்தா இது நடந்திருக்குமா?”

சிக்னேயை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு அவர் பக்கம் திரும்பினேன்.

“பத்து மாசம் நான் வீட்டுல இருந்தேன். ஒரு நாளாவது பிள்ளையத் தூக்கிட்டு உங்க துப்பாக்கி முன்னாடி வந்து நின்னேனா? நான் வந்து நின்னிருந்தா எனக்கும் இப்படித் தோளத் தட்டியிருப்பீங்களா, இல்ல, தாயா இவன்னு காறித் துப்பியிருப்பீங்களா?”

நெருப்பைப் பார்ப்பதுதான் அப்போது எல்லோருக்கும் முக்கியமான வேலையாக இருந்தது.

சென்ற வருடம், கீழே விழுந்த தொப்பியை எடுக்கச் சுடும் பகுதிக்குள் நடந்த ஒரு பையனை, இந்தப் பருவம் முடியும்வரை காட்டுப் பக்கம் வராதே என்று தூர்மூவே துரத்தினார். அதை நினைவுபடுத்தினேன். அவர் தாடியைச் சொறிந்தார். அது வேறே, இது வேறே என்றார். ஐவின் குடும்பஸ்தனாம்.

“ரூல்னா ரூல். இந்த வருஷம் ஐவின் காட்டுக்குள்ள வரக்கூடாது. அந்தப் பாறையில நான்தான் உட்காருவேன், அடுத்த வருஷமும். ஒத்துக்க முடியலைன்னா நாளைலருந்து உங்க நிலத்துல வேட்டையாடிக்கோங்க.”

தூர்மூவின் நிலத்தில் முயல்தான் ஓடும். அவருக்கும் அது தெரியும். சரி என்றார், இம்முறை தன் பையிலிருந்து எடுத்துக் கொடுக்காமல். ஐவின் சிக்னேயை வாங்கி வண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு திரும்பினான். அன்று இரவு மன்னிப்பு கேட்டான். அழுதான் கூட. அந்த அழுகை உண்மை என்று எனக்குத் தெரியும், அதனால் கொஞ்சம் மனமிளகியது. குளிர்பெட்டியிலிருந்த படத்தை அவனே கிழித்துப்போட்டான்.

வாரக் கடைசியில் அந்த ஆண் எல்க் திரும்பி வந்தது. ஒரே குண்டு. தூர்மூவே வந்து கைகொடுத்தார், முகம் கோணினாலும் கொடுத்தார். நெருப்பருகே முதல் கோப்பைக் காபி எனக்கு வந்தது. அப்பாவை நினைத்தேன், அவர் மேலிருந்த கோபமும் கூடவே வந்தது.

மறுநாள் மூவரும் கடைக்குப் போனோம். சிக்னே அவன் மார்பில் கட்டிய தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். கல்லாவில் எப்போதும்போல பியர்க் இருந்தாள். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். என்னைக் கடந்து ஐவினைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

“பெரிய ஆண் எல்க்கை அடிச்சீங்களாமே! பிள்ளையையும் பாத்துக்கிட்டு!”

ஐவின் என்னைப் பார்த்தான். சொல்வானா மாட்டானா என்று காத்திருந்தேன். சொன்னான். “நான் இல்ல பியர்க். அடிச்சது ரன்வைக்.”

பியர்க்கின் கை அப்படியே நின்றது. கண் அகல அவனைப் பார்த்தாள், என்னை அல்ல.

“அவளுக்கு விட்டுக்கொடுத்துட்டீங்களா? எவ்வளவு பெரிய மனசு!” பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். “கொடுத்து வச்சவ நீ.”

ஐவின் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். குளிர்பெட்டியிலிருந்து கிழித்தெறிந்த அதே சிரிப்பு, கூச்சத்தோடு, அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு.

“காடு என்னுது, பாறை என்னுது, சுட்டது நான். விட்டுக்கொடுக்க இவன்கிட்ட என்ன இருந்துச்சு, பியர்க்?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் கூரையைப் பார்த்தார்கள். ஐவினின் சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது, எங்கே வைப்பது என்று தெரியாமல். நான் காபிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டேன். டயப்பர் மூட்டையை அவன் கையில் திணித்தேன். நாங்கள் வெளியே வரும்போது, பின்னால் பியர்க் யாரிடமோ சொல்வது கேட்டது, பாவம் அந்த மனுஷன் என்று.