தூபம் போடாத வீடு

பாலைவனப் புழுதி பிக்கின் நகரை மூடிய அந்த வாரம் முழுக்க ஊலிக்குத் தூக்கமே இல்லை. ஜன்னல்களைச் சாத்தினாள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தாள். கம்பளத்தைச் சுருட்டி மாடிக்கு அனுப்பினாள். மகள் கினேவுக்குக் காலையும் மாலையும் ஆஸ்துமா தடுப்பு மருந்தைத் தானே கொடுத்தாள். போன மழைக்காலத்தில் பிள்ளையின் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்தவள் அவள். இன்னொரு முறை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

சூராய் தூபத்தையும் நிறுத்தியிருந்தாள். தூபம் மணக்காத வீட்டில் பெண் என்று ஒருத்தி இருக்கிறாளா என்று கேட்கிற ஊர் அது. கேட்கட்டும் என்று இருந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் புருஷனின் அக்கா செய்னபு, தியேஸில் ஒரு கல்யாணத்துக்குப் போகிற வழியில் வந்து இறங்கினாள். கஞ்சி போட்ட நீல பூபூ அங்கி மொடமொடத்தது. வாசலிலேயே மூக்கை உறிஞ்சினாள்.

"என்னடி ஊலி, வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு? என் தம்பி இன்னும் ஓடிப்போகலியா?"

"புகை பிள்ளைக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அண்ணி."

"அடுப்புப் புகைதான் ஆகாது. இது வாசனைடி. உங்க அம்மா வித்தியாசம் தெரியாம வளர்த்துட்டாங்க." பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து நீட்டினாள். "நானே ஊறப்போட்ட சூராய். கரியைப் பத்த வை."

ஊலி புட்டியை இரண்டு கையாலும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நாத்தனார் முகம் சுளித்தால் அந்தக் குடும்பத்தில் தலைகாட்ட முடியாது. செய்னபு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அதற்குள் பள்ளியிலிருந்து வந்த கினே, "அத்தை" என்று ஓடிப்போய்ச் செய்னபுவின் மடியில் முகம் புதைத்தாள். அப்போதுதான் ஊலிக்கு உறைத்தது. தூபத்தின் மேல் விரித்துப் புகையேற்றாத துணியில் எந்தப் பெண் கல்யாணத்துக்குக் கிளம்புவாள்? கதவையெல்லாம் சாத்திவிட்டு, பூபூவில் ஏறி வந்த புகையை அவளே வரவேற்று உட்கார வைத்திருக்கிறாள்.

கினே இருமினாள். தோள் ஏறி இறங்கியது. நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

ஊலி பாய்ந்து மகளைப் பிடுங்கினாள். "தொடாதீங்க அண்ணி." பக்கத்து அறைக்குத் தூக்கிப்போய் நிமிர்த்தி உட்கார வைத்து, நீல இன்ஹேலர் பம்ப்பைக் குழலில் செருகி அழுத்தினாள். "மெதுவா இழு, தங்கம். பயப்படாத." பயமெல்லாம் அவளுக்குத்தான். விசில் அடங்குவதற்குள் அவள் உயிர் போய் வந்தது.

திரும்பி வந்தபோது செய்னபுவின் நாற்காலி காலியாக இருந்தது. போய்விட்டாள், இனி ஊரெல்லாம் பேச்சுதான் என்று ஊலி நினைத்தாள்.

குளியலறைக் கதவு திறந்தது. கொடியில் கிடந்த ஊலியின் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு, தலைமுடி சொட்டச் சொட்ட நின்றாள் செய்னபு.

"இடுப்புல பத்தவே இல்ல. எலும்புக்கூட்டுக்கு எடுத்த துணி."

"கல்யாணம், அண்ணி?"

"பூபூவை மூட்டை கட்டி மாடில போட்டுட்டேன். நான் போகலன்னா அவங்க கல்யாணம் நின்னுடுமா?" கையை நீட்டினாள். "தேய்ச்சுக் குளிச்சிட்டேன். மோந்து பாத்துட்டுக் குடு பிள்ளைய."

நாத்தனாரை மோந்து பார்ப்பது மரியாதை இல்லை என்று ஊலிக்குத் தெரியும். கழுத்து, காது, முடி என்று ஒன்று விடாமல் மோந்து பார்த்தாள். செய்னபு அசையாமல் நின்றாள்.

பிறகுதான் பிள்ளையைக் கொடுத்தாள்.