பச்சை பார்க்க வந்தவர்கள்

எட்னா கதவைத் திறந்ததும் ஃபூஷியா பூச்செடிச் சங்கத் தலைவர் நார்மன் பிர்ட்விசில் தொப்பியைக் கழற்றி, துக்கத்துக்கென்று வைத்திருக்கும் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். “எப்படி இருக்கே எட்னா?” என்றார். அவள் வாயைத் திறப்பதற்குள் பின்னறைக்குப் போய்விட்டார். பின்னாலேயே செயலாளர் பெர்சி, அவருக்குப் பின்னால் நான்.

பின்னறை ஜன்னலோரம் க்ளிஃபர்டின் செடி இருந்தது. எட்னாவின் கணவனான அவன் பல வருஷம் மகரந்தம் மாற்றி மாற்றி உண்டாக்கிய ரகம். உலகத்திலேயே அந்த ஒரு தொட்டிதான். அடுத்த கோடைக் கண்காட்சியில் “எட்னா” என்று பெயர் சூட்டும்வரை ஒரு நுனிகூட யாருக்கும் கிள்ளித் தரமாட்டேன் என்று வீம்பாக இருந்தான். இலையுதிர் காலத்தில் அவனே உதிர்ந்துவிட்டான். செடி சங்கத்தின் பொக்கிஷம் என்று தலைவர் தீர்மானம் போட்டார். அதை உறைபனி தொடாமல் காத்து, கரண்டியால் தண்ணீர் விட்டது எட்னா.

இன்று நுனி கிள்ளி நட்டுப் புதுச் செடி உண்டாக்க வந்திருந்தோம். மார்ச் பிறந்தும் ஒரு துளிர் இல்லை. பனிக்காலத்தில் ஃபூஷியா வெறும் குச்சியாகத்தான் நிற்கும்; பட்டையை நகத்தால் கீறி, உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று அர்த்தம். தலைவர் கீறினார். பழுப்பு. பெர்சி சற்றுக் கீழே கீறினார். அதுவும் பழுப்பு.

நான் தொட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். தண்டைச் சுற்றிக் காய்ந்த கீறல்கள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, வளையல் போட்டதுபோல. சாறு ஓட ஒரு நூல் பட்டைகூட மிச்சமில்லை. சங்கத்து நகங்கள் அத்தனையும் அங்கே ஆஜர். என்னுடையதும்தான்.

“துக்கம் கேக்க வந்தவங்க எல்லாரும் ஒரு கீறு கீறிட்டு, ‘பச்சையா இருக்கு, கவலப்படாதே’ன்னு சொல்லிட்டுப் போனாங்க” என்றாள் எட்னா. “நல்ல சேதிதானேன்னு நானும் டீ போட்டுக் குடுத்தேன்.”

“நான் ரொம்ப லேசாத்தான் கீறினேன்” என்றார் தலைவர். “பெர்சி நகம்தான் மண்வெட்டி.”

“வாராவாரம் வந்தது யாருய்யா? நானா?”

தலைவர் தொண்டையைச் செருமினார். சங்கத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று ஆரம்பித்தார். க்ளிஃபர்டை அடக்கம் செய்த அன்று அவர் குரல் இவ்வளவு தழுதழுக்கவில்லை.

“அப்போ அடுத்த வாரத்துலேருந்து யாரும் வரமாட்டீங்க” என்றாள் எட்னா.

தலைவர் கையுறையைத் தேடினார்.

எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. “மண்ணுக்குள்ள வேர் பிழைச்சிருந்தா அடியிலேருந்து துளிர்த்தாலும் துளிர்க்கும், எட்னா” என்றேன்.

“அப்படியா?” தலைவர் திரும்பிவிட்டார். “இரு, கீறிப் பாத்தா தெரிஞ்சுடப்போவுது.”

அவர் கை நீளுவதற்குள் எட்னா தொட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மண்ணை ஒட்டி, யார் நகமும் படாத இடம் ஒன்று கடுகளவு இருந்தது. அவள் கட்டைவிரல் அதுவரை போய் நின்றது. நகத்தை மடக்கிக்கொண்டு, விரலின் சதையால் அந்த இடத்தை மூடிக்கொண்டாள்.