மாப்பிள்ளை மோதிரம்

அரிமளம் ஆவுடையாள் ஆச்சி காப்பியை ஆறவிட்டுவிட்டு ஒரு மோதிரக் கல்லின்மேல் வாயால் ஊதிக்கொண்டிருந்தாள். படிந்த ஆவி நொடியில் மறைந்தது. வைரம்தான். ஆனாலும் மனசு அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை மகன் பிரசாந்துக்குக் கல்யாணம். பெண்ணின் அப்பா சுந்தரேசன் மாப்பிள்ளைக்குப் போடக் கொண்டுவந்த மோதிரம் அது. கூடவே பளபளவென்று ஒரு சர்டிபிகேட்.

திருமயத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிற மனிதர் அரை கேரட் வைரம் வாங்குவதாவது! சந்தேகம் வந்துவிட்டால் ஆச்சிக்குச் சோறு இறங்காது. புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

கல் பரிசோதிக்கும் அரவிந்த்குமார் வெகுநேரம் பார்த்தார்.

"தாளு நெசந்தான் ஆச்சி. நம்பரைப் போட்டா கம்ப்யூட்டர்ல வருது. ஆனா அந்த நம்பர் கல்லு விளிம்புலயும் பொடியா வெட்டியிருக்குன்னு தாள்லயே போட்டிருக்கு. லென்ஸ்ல பாத்தா இதுல ஒண்ணையும் காணோம். மெஷின்லயும் வச்சுப் பாத்துட்டேன். இது லேப்ல வளத்த வைரம். மண்ணுல வெட்டி எடுத்த கல்லு வெலையில பத்துல ஒரு பங்குகூடப் பெறாது. வேற கல்லோட தாளை இதுகூடச் சேத்துக் குடுத்திருக்காங்க."

ஆச்சிக்குக் கோபம்கூடப் பிறகுதான் வந்தது. 'நான் நினைச்சேன்ல' என்ற சந்தோஷம் முந்திக்கொண்டது. நேரே திருமயத்துக்குப் போய் இறங்கினாள்.

"கல்யாணத்த நிறுத்திக்குவோம் சம்பந்தி. லேப் கல்லக் குடுத்து எங்கள ஏமாத்தப் பாத்தீகளே."

கதவோரம் நின்ற கல்யாணப் பெண் ஐஸ்வர்யாவின் முகம் வெளுத்துவிட்டது. சுந்தரேசன் பீரோவைத் திறந்து ரசீதை எடுத்து நீட்டினார்.

"மோதிரம் வைரமா இருக்கணும், சர்டிபிகேட் இருக்கணும், ஒங்க தம்பிகிட்டத்தான் வாங்கணும்னு சொன்னது நீங்கதான ஆச்சி? இருந்த ஒரு மனையை வித்து வாங்குனேன். வெளிய காட்டிப் பாத்துருவோம்ப்பான்னு ஐஸ்வர்யா சொன்னா. சம்பந்தி வீட்டு ஆளச் சந்தேகப்படறது மரியாதை இல்லன்னு நாந்தான் தடுத்துட்டேன்."

ரசீதில் கல் தரகன் ராம்நாத்தின் கையெழுத்து இருந்தது. ஆச்சியின் உடன்பிறந்த தம்பி அவன்.

ஆச்சி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வழியெல்லாம் சுந்தரேசனைத் திருடனாக்கிக்கொண்டு வந்த மனசு, தம்பி பக்கம் ஒருதரம்கூடத் திரும்பவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அங்கேயே போனைப் போட்டாள்.

"ராம்நாத்து, சாயங்காலத்துக்குள்ள இவுக குடுத்த பணம் முழுசா இங்கிட்டு வந்து சேரணும். இல்லாட்டி போலீஸ் ஸ்டேஷன்ல மொத ஆளா நாந்தான் நிப்பேன்."

போனை வைத்துவிட்டு, மோதிரத்தைச் சுந்தரேசன் கையில் கொடுத்தாள்.

"மன்னிச்சிருங்க சம்பந்தி. எம் மகன் வெறும் வெரலோட தாலி கட்டுவான். கௌரவத்துக்கு வைரம் கேட்டது என் தப்பு. ஒறவுன்னு நம்பி வெளிய காட்டாம விட்டது ஒங்க தப்பு. விக்கிறவனே கல்லையும் நீட்டி, அதுக்குச் சாட்சியா தாளையும் நீட்டுனா, ரெண்டையும் மூணாவது ஆளுகிட்டக் காட்டிச் சரிபாக்கணும். விக்கிறது கூடப் பொறந்தவனா இருந்தாலும்."