ஒன்பதாம் கட்டத்து மண்

1

"அசையாதீங்க! பாக்கெட்டைத் திறங்க!"

எனோரா தூசி உறிஞ்சியின் குழாயைத் துப்பாக்கிபோல நீட்டினாள். சமையல்காரர் ஃபிர்மேன் சுவரோடு ஒட்டி நின்றார். கப்பலுக்குப் போகும் ஹெலிகாப்டர் கிளம்ப நாற்பது நிமிடம். ஒரு தீவின் விதை இன்னொரு தீவுக்குப் போகக் கூடாது என்பது விதி. குழாய் கோட்டின் வலது பைக்குள் நுழைந்தது. 'டக்'! எதுவோ சிக்கியது. வெளியே வந்தது, காய்ந்த இலை ஒன்று.

[இங்கே நிறுத்துகிறேன். தொடர்கதைக்கு அருமையான ஆரம்பம்தான். ஆனால் அந்தக் கோட்டு ஃபிர்மேனுடையது அல்ல. இலை மட்டும் உண்மை.]

2

இந்தக் கதை பிறந்தது ஒரு படிவத்தில். நான் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், கேர்கெலன் தீவு ஆராய்ச்சித் தளத்தின் தபால் அதிகாரி. பகலில் உறைகளுக்கு முத்திரை குத்துவேன். மிச்ச நேரத்தில் தளத்தின் வாரத்தாளுக்குக் கொலைத் தொடர் எழுதுவேன். வாசகர்கள் நாற்பத்தைந்து பேர்.*

(* அவர்களில் ஒன்பது பேரைக் கதையில் கொன்றுவிட்டேன். மருத்துவர் இன்னமும் என்னோடு பேசுவதில்லை.)

இந்த முறை செத்தவை செடிகள். கடுங்குளிரில் காற்று ஊளையிட்டுக்கொண்டு— (வேண்டாம். காற்று இல்லாத நாள்தான் இங்கே செய்தி.)

எனோராவின் ஆராய்ச்சி இதுதான்: தீவிலேயே பிறந்த அசோரெல்லா, பச்சை மெத்தைபோலத் தரையோடு கிடக்கும். வெளியிலிருந்து வந்த டாண்டலியன், மஞ்சளாய்ப் பூத்து நாலாபுறமும் பரவும். இரண்டின் வேரைச் சுற்றியும் மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள். அவை யார் கட்சி? மண்ணின் மைந்தர் கட்சியா, வந்தேறி கட்சியா? பன்னிரண்டு கட்டங்களில் இரண்டையும் நட்டு, முயல் புகாமல் வலைக்கூண்டு கவிழ்த்தாள். மூன்று வருட உழைப்பு. முனைவர் பட்டமே இதை நம்பித்தான்.

டிசம்பரிலிருந்து டாண்டலியன்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பதினோரு கட்டங்களில் வேர்கூட மிச்சமில்லை.

"வேரையே செரிச்சிருக்கு! உலகத்துல எந்த மண்ணும் இப்படிச் செஞ்சதில்ல!" என்று சாப்பாட்டுக் கூடத்தில் எனோரா குதித்தாள்.

எனக்குப் புரையேறியது.

3

சந்தேகத்துக்குரியவர் ஒருவர் தேவை. ஃபிர்மேனைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் இவர் குற்றவாளியாக நிற்க மறுக்கிறார். எந்த வரைவில் எழுதினாலும் தன் வினிகர் புட்டியைப் பற்றியே புலம்புகிறார்.

"அண்ணே, மறுபடியும் ரெண்டு விரல் இறங்கியிருக்கு! பச்சை இலையே இல்லாத ஊர்ல எவன்யா வினிகர் குடிக்கிறான்?"

"ஆவியாயிருக்கும்."

"மூடி போட்ட புட்டியிலயா? கொலைக்கதை எழுதுறவருக்கு இதுகூடத் தெரியாதா?"

சரி. ஒப்புக்கொள்கிறேன். கோட்டு என்னுடையது. கப்பல் வந்து எட்டு வாரம் தாண்டினால் தளத்தில் எல்லாமே டப்பா. நான் வளர்ந்த வீட்டில் டாண்டலியன் என்றால் களை அல்ல, சாலட். வறுத்த பன்றிக்கொழுப்பு, அவித்த முட்டை, வினிகர். கூண்டைத் தூக்கினேன். வேரோடு பிடுங்கினேன். தபால்தலை ஒட்டிப் பழகிய விரலால் மண்ணைத் தட்டிச் சமன் செய்தேன். தபால் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றேன். பதினோரு தடவை.

4

தூசி உறிஞ்சி இலையைக் கக்கியதும் எனோரா அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கவனமா இருக்கக் கூடாதா? அடுத்த தீவுல இந்தப் பையோட இறங்கியிருந்தா என்ன ஆகும்?" திட்டிவிட்டு இலையைக் குப்பைப் பையில் போட்டாள். சந்தேகம்? துளியும் இல்லை. ஆராய்ச்சியாளர்கள் நல்லவர்கள்.

பிறகு படிவத்தை நீட்டினாள். 'மனிதத் தலையீடு: உண்டு / இல்லை.' கீழே சாட்சிக் கையெழுத்து.

"நீங்கதான் போடணும். தளத்துலயே நம்பிக்கையான ஆள் நீங்கதான், தபால்காரரே."

ஹெலிகாப்டர் உறுமியது. 'இல்லை' என்பதை வட்டமிட்டேன். கையெழுத்துப் போட்டேன். பழக்க தோஷத்தில் முத்திரையும் குத்தினேன்.

மண் பெட்டிகளைத் தராசில் ஏற்றினார்கள். எடை வரம்பைத் தாண்டியது.

"ஒம்போதாம் பெட்டியைத் தூக்கிப் போட்டுடுங்க. அதுல வேர் கருகி அப்படியே கெடக்கு, மத்த பதினொண்ணோட ஒத்துப்போகல. வெறும் கோளாறு" என்றாள்.

5

முடிவுகள்:

(அ) நான் மௌனம் காக்கிறேன். அவளுக்குப் பட்டம். ஒருநாள் வேறொருவர் அதே சோதனையைச் செய்கிறார். மண் எந்த வேரையும் செரிக்கவில்லை. அவள் பெயர் சிரிப்பாகிறது.

(ஆ) நான் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடமும் என் வயிற்றுக்குள் போனது என்று அவளுக்குத் தெரிகிறது. அவள் என்னைக் கடலில்—

(இ) ஃபிர்மேன் சொல்லிவிடுகிறார். (எழுத மாட்டேன். வினிகர் பற்றி இன்னொரு பக்கம் தாங்காது.)

இதை எழுதும்போது கப்பலில் ஆறாம் நாள். எதிரே எனோரா. நடுவே ஒரு தட்டு.

"லெட்டூஸ் எடுத்துக்குங்க, தபால்காரரே. பாவம், இத்தனை மாசமா பச்சை இலையே கண்ணுல பட்டிருக்காது."

எடுத்துக்கொண்டேன். வினிகர் வேண்டாம் என்றேன்.

6

நீங்கள் முடிவு செய்யுங்கள். அதற்கு முன் இரண்டு தகவல்கள்.

ஒன்று. தூக்கிப் போடச் சொன்ன பெட்டியை நான் போடவில்லை, தபால் மூட்டைக்குள் ஒளித்தேன். தபால் மூட்டையை யாரும் தராசில் ஏற்றுவதில்லை. அது இப்போது கப்பலின் குளிர் அறையில், ஊரில் சேர்ப்பதாக ஃபிர்மேன் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு ஒப்படைத்த மீன் பெட்டிகளுக்கு நடுவே உறைந்து கிடக்கிறது. பெறுநர்: எனோரா. இந்தத் தாள்களை அதன்மேல் வைத்துக் கட்டப்போகிறேன். கொடுப்பதா, கடலில் எறிவதா என்று இன்னும் தெரியவில்லை.

இரண்டு. ஒன்பதாம் கட்டத்துக்குப் பக்கத்தில்தான் ஸ்குவா என்ற முரட்டுக் கடற்பறவை கூடு கட்டியிருந்தது. தலையைக் குறிவைத்துப் பாயும். எனோரா தலைக்கு மேலே தடியை உயர்த்திப் பிடித்தபடி போவாள். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. சாலட்டுக்காகக்கூட.

ஒன்பதில் நான் கை வைக்கவே இல்லை. அங்கே அந்தச் செடிகளை மண்தான் கொன்றது.