பின்வாசல் படிக்கு ஒரு பாயிண்ட்

வீடு கட்டுகிற மனுஷனுக்குக் கவலைக்கா பஞ்சம்? சிமெண்ட் நல்லதா, கம்பி நல்லதா, கொத்தனார் நாளைக்கு வருவாரா, இல்லை போனை அணைத்து வைத்துவிட்டு வேறு வீட்டுக்குப் போய்விடுவாரா என்று ஆயிரம் இருக்கிறது. கண்ட்ரோல் ரூம்காரர் இதில் எதையும் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை. அவர் ஒரே விஷயத்துக்காக ஒற்றைக்காலில் நின்றார். புது வீட்டில் எந்த மூலையில் நின்றாலும் நெட் கிடைக்க வேண்டும்.

கண்ட்ரோல் ரூம்காரர் என்பது அவர் மைத்துனன் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அது அவர் காதுக்கும் வந்துவிட்டது, அவருக்கு அதில் வருத்தமும் இல்லை. செய்வது அந்த வேலைதானே. குடிநீர் வாரியத்தில் ஒரு சுவர் அகலத்துக்கு ஸ்கிரீன். அதில் நூற்றுப் பன்னிரண்டு பம்புகள், பம்புக்கு ஒரு பச்சைப் புள்ளி. எந்தப் புள்ளியாவது சிவப்பானால் போனை எடுத்து, "என்ன ஆச்சு?" என்று கேட்க வேண்டும். இருபத்தாறு வருஷமாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டிலும் அவருக்கு மூன்று புள்ளிகள். மனைவி, மகள், கூடவே தங்கியிருக்கும் மைத்துனன். பத்து மணிக்கு ஒரு போன், ஒரு மணிக்கு ஒரு போன், நாலு மணிக்கு ஒரு போன். எங்க இருக்க, சாப்டியா, கேஸ மூடினியா. எடுக்காவிட்டால் எடுக்கிற வரைக்கும் அடிப்பார். கோபத்தில் இல்லை, பாவம். கோபப்படவே தெரியாத மனுஷன். பச்சை எரிகிறதா என்று தெரிந்தால் போதும், வைத்துவிடுவார்.

இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டில் ஒரு கோளாறு இருந்தது. பின்வாசலில் துணி துவைக்கிற இடத்துக்கு இறங்க மூன்று படி. இரண்டு பக்கமும் நாலு மாடிக் கட்டடம். அங்கே வைஃபையும் எட்டாது, டவரும் எட்டாது. அவர் கூப்பிடுகிற நேரம் பார்த்து யாராவது ஒருவர் அங்கேதான் இருப்பார்கள். "பின்னால இருந்தேங்க, சிக்னல் இல்ல" என்பாள் மனைவி. ஒரு குடும்பத்துக்கு அவ்வளவு அழுக்குத் துணியா என்று அவர் யோசிக்கவில்லை. வீட்டைக் கட்டினவனைத்தான் திட்டினார்.

அந்தக் கோளாறு போன வருஷம் ரொம்பவே முற்றிவிட்டது. மகள் மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். ரிசல்ட் வருகிற அன்று, "சைட் ஓப்பன் ஆகலப்பா, நெட் ஸ்லோ" என்றாள். விடுவாரா? நெட் கம்பெனிக்குப் பதினொரு புகார். இரண்டு ரவுட்டர் மாற்றினார். ஏணி போட்டு ஏறி, கம்பத்திலிருந்து ஜன்னல் வரைக்கும் கேபிளைப் புதிதாக இழுத்தார். இருபத்து மூன்றாம் நாள் சைட் திறந்தது. மகள் தேறவில்லை. வருத்தம்தான். ஆனாலும் கேபிளை மாற்றியதும் வேலை செய்ததே என்று உள்ளுக்குள் ஒரு சின்னத் திருப்தி. இந்த இடத்தில் உங்களுக்குச் சந்தேகம் வரலாம். அவருக்கு வரவில்லை.

இந்த வருஷமும் மகள் எழுதியிருக்கிறாள். அடுத்த மாதம் ரிசல்ட். அதற்குள் புது வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரே தட்டில் சைட் திறக்க வேண்டும், பிள்ளை அன்றைக்கு ஒரு நிமிஷம்கூடத் தவிக்கக் கூடாது என்பதுதான் அவர் கணக்கு.

வயர்மேனிடம் அவர் கொடுத்த பிளான் நாலு பக்கம். லைட்டுக்கு ஒரு நிறம், ஃபேனுக்கு ஒரு நிறம், நெட்டுக்கு நீலம். மாடிப்படிக்கு அடியில் மெயின் பெட்டி. அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் தனிப் பைப், கரண்ட் பைப்பிலிருந்து ஒரு அடி தள்ளி. ஹாலில், மாடியில், வாசலில், பின்வாசலில் வைஃபை பெட்டிகள். மொத்தம் பதினெட்டு நெட் பாயிண்ட்.

வயர்மேன் பிளானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நரைத்த மீசை, காதில் பென்சில், முகத்தில் எந்தச் செய்தியும் கிடையாது.

"மோட்டார் ரூம்ல எதுக்கு சார் நெட்?"

"மோட்டார் போட யாராவது போவாங்கல்ல? அந்த நேரம் பாத்து நான் கூப்பிட்டா?"

"ரெண்டு நிமிஷம் கழிச்சு கூப்பிடலாமே."

"அந்த ரெண்டு நிமிஷம் எனக்கு எப்படி இருக்கும்?"

வயர்மேன் பிளானை மடித்துவைத்தார். பையிலிருந்து ஒரு சாக்பீஸ் டப்பாவை எடுத்தார். அவர் வேலைக்கு வருகிற வீட்டிலெல்லாம் இது ஒரு வழக்கம். ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்துவிடுவார்.

"வாயால சொல்றத நான் காதுல வாங்க மாட்டேன் சார். பூச்சு முடிஞ்சப்புறம், 'நான்தான் அன்னிக்கே சொன்னேனே'ன்னு எல்லா வீட்லயும் ஒருத்தர் வருவாங்க. வேணும்னா வேணும்னு எழுதுங்க, வேணாம்னா வேணாம்னு எழுதுங்க. சுவத்துல இருந்தா செய்வேன்."

அவருக்குச் சிவப்பு. மனைவிக்கு மஞ்சள். மகளுக்கு நீலம். மைத்துனனுக்கு வெள்ளை. சிவப்பு தனக்கு வந்ததில் அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அடுத்த இரண்டு வாரம் செங்கல் சுவரெல்லாம் எழுத்து. சமையலறையில் மஞ்சளில், "மிக்ஸி இங்கே. அங்கே இல்லை. இங்கே." மைத்துனன் கட்டில் வரப்போகிற இடத்தைச் சுற்றி ஆறு இடத்தில் வெள்ளையில் "சார்ஜர்" என்று எழுதிவைத்தான். படுத்தபடி புரண்டால் எந்தப் பக்கமும் கைக்கு எட்ட வேண்டுமாம். மகள் மட்டும் அதிகம் எழுதவில்லை. மேசைக்கு ஒரு லைட் கேட்டிருந்தாள், அவ்வளவுதான். வயர்மேன் சுவரைக் கொத்திப் பைப்பைப் பதித்துக்கொண்டே வந்தார்.

நாளைக் காலை பூச்சு வேலை ஆரம்பம் என்கிற அன்று, கண்ட்ரோல் ரூம்காரர் லீவு போட்டுவிட்டு வந்தார். கையில் பிளான், காதில் அவரும் ஒரு பென்சில். அறை அறையாக எண்ணினார். பதினேழு இருந்தது. திரும்பவும் எண்ணினார். அப்போதும் பதினேழு. கடைசியில் பின்வாசலுக்குப் போனார்.

புது வீட்டிலும் அங்கே மூன்று படிதான். படிக்கு மேலே அவர் சிவப்பில் போட்ட கட்டம் அப்படியே இருந்தது, 'வைஃபை' என்று கீழே எழுதியபடி. கொத்தவே இல்லை. பக்கத்தில் மஞ்சளில் "வேண்டாம்" என்று இருந்தது. அதன் கீழே வெள்ளையில் "ஆமாம், வேண்டாம்." அதற்கும் கீழே நீலத்தில், சின்ன எழுத்தில், "ப்ளீஸ்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. வயர்மேனைக் கூப்பிட்டார்.

"என்னங்க இது?"

"சுவத்துல இருக்கு சார்."

"அது தெரியுது. எப்ப எழுதினாங்க?"

"மூணு பேரும் தனித்தனியா வந்தாங்க. அம்மா முதல் நாளே வந்து எழுதினாங்க. மச்சான் மறுநாள். அவர் அம்மா எழுதினதப் பாத்துட்டு சிரிச்சாரு. பொண்ணு போன வாரம் வந்துச்சு. ரொம்ப நேரம் நின்னுட்டு எழுதிச்சு." வயர்மேன் உளியைக் கீழே வைத்தார். "நான் அவங்ககிட்ட சொல்லிட்டேன் சார். பெட்டி போடலன்னாலும் இங்க டவர் நாலு கட்டையும் காட்டுது, போன் தாராளமா வரும்னு. எல்லாரும் தெரியும்னுதான் சொன்னாங்க."

"தெரியும்னா அப்புறம் எதுக்கு வேணாங்கறாங்க?"

"அத வீட்ல கேளுங்க சார். எனக்கு மூணு மணிக்குள்ள சொல்லுங்க. காலைல எட்டுக்கெல்லாம் கொத்தனார் வந்துடுவாரு. அதுக்கப்புறம் அழுதாலும் நடக்காது."

மனைவி பதினோரு மணிக்கு ஃபிளாஸ்கில் டீயோடு வந்தாள். கூட வந்த மைத்துனனும் மகளும் நேரே மாடிக்குப் போய்விட்டார்கள். அவர் மனைவியைக் கையைப் பிடிக்காத குறையாகப் பின்வாசலுக்கு அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினார். அவள் கொஞ்சமும் பதறவில்லை. படியில் உட்கார்ந்து, டீயை ஊற்றி, அவரிடம் ஒரு டம்ளரை நீட்டினாள்.

"சிக்னல் இல்லன்னு சொல்ல ஒரு இடம் வேணுங்க."

"இங்கதான் டவர் கிடைக்குதாமே!"

"கிடைக்கட்டும். நீங்க நம்பணும். அவ்ளோதான்."

"நான் என்ன திட்டவா கூப்பிடறேன்? சாப்டியான்னுதானே கேக்கறேன்?"

"இருபத்தாறு வருஷமா சாப்டுட்டேன்னு சொல்லிட்டிருக்கேன். இருபது நிமிஷம் யாரும் எதுவும் கேக்காம உக்காரணும்னு இருக்காதா எனக்கு? தம்பிக்கு ஆபீஸ்ல மேனேஜர் தொல்லை, வீட்ல உங்க தொல்லை. அந்தப் படியிலதான் கண்ண மூடி உக்காருவான்."

"சரி, பாப்பாவுக்கு என்ன வந்துச்சு?"

மனைவி டம்ளரைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசிப்பது அவருக்குத் தெரிந்தது.

"போன வருஷம் ரிசல்ட் முதல் நாளே வந்துடுச்சுங்க. அவளும் பாத்துட்டா. எனக்கு மறுநாள் தெரியும். தம்பிக்கு அதுக்கு மறுநாள். உங்ககிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியாம சைட் ஓப்பன் ஆகலன்னுட்டா. நீங்க கம்பெனிக்கு போன் போட ஆரம்பிச்சீங்க. ரவுட்டர் வாங்கிட்டு வந்தீங்க. ஏணிய தூக்கினீங்க. நீங்க ஒண்ணொண்ணா செய்யச் செய்ய அவளுக்குச் சொல்ல இன்னும் பயமாயிடுச்சு. பகல்ல எல்லாம் அந்தப் பின்படியில உக்காந்து அழுவா. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். நீங்க பத்து மணிக்கு அடிப்பீங்க, ஒரு மணிக்கு அடிப்பீங்க. சிக்னல் இல்லன்னு சொல்லிடுவோம்."

இருபத்து மூன்று நாள். அவர் விரலில் எண்ணவில்லை, ஆனாலும் அந்த எண் அப்படியே வந்து நின்றது. ஏணி மேல் நின்று அவர் கேபிளை இழுத்துக் கட்டிய அன்று, கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது மகள்தான். "கெட்டியா பிடிச்சுக்கோம்மா" என்றார். "பிடிச்சுட்டிருக்கேன்பா" என்றாள். அழுது சிவந்த கண்ணோடுதான் நின்றிருப்பாள். அவர் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூற்றுப் பன்னிரண்டு பம்பில் எது மூச்சு முட்டினாலும் கண்டுபிடிக்கிறவன், பெற்ற பிள்ளை ஏணிக்குக் கீழே நின்றது தெரியாமல் இருந்துவிட்டேனே என்று தன் மேலேயே அருவருப்பாக வந்தது.

"ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"எப்பங்க சொல்றது? நீங்க சாப்டியான்னு கேப்பீங்க, சாப்டேன்னு சொன்னதும் வச்சுடுவீங்க. நடுவுல எங்க சொல்றது?"

அவள் எழுந்து டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகிறபோது அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள்.

அவர் அங்கேயே நின்றார். பிறகு பையிலிருந்து சிவப்பு சாக்பீஸை எடுத்தார். தான் போட்ட கட்டத்தை உள்ளங்கையால் அழித்தார். சரியாக அழியவில்லை, சட்டை நுனியால் தேய்த்தார். அழித்த இடத்தில், "ஃபேன் மட்டும்" என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, அதன் கீழே "பெரிய ஃபேன்" என்று சேர்த்தார். பிளானிலும் பதினெட்டை அடித்துப் பதினேழு என்று திருத்தினார். அப்புறம் நடுப்படியில் உட்கார்ந்தார். படி சில்லென்று இருந்தது.

ஹாலில் வயர்மேன் மனைவியிடம் ஏதோ கேட்பதும், அவள், "அவரையே கேளுங்க, எங்க போனாருன்னு தெரியல" என்பதும் கேட்டது. உடனே அவர் போன் அடித்தது. மனைவிதான். எடுக்கப் போன கை பாதியில் நின்றது. இத்தனை வருஷத்தில் ஒரு போனை அடிக்கவிட்டு அவர் பார்த்ததே இல்லை. அடித்து ஓய்ந்தது. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அடித்தது. அதையும் விட்டார்.

மூன்றாவது தடவை ஓய்ந்ததும் மகள் தேடிக்கொண்டு வந்தாள். கதவருகே நின்றவள் முதலில் சுவரைத்தான் பார்த்தாள். சிவப்பை வாசித்தாள். ஒரு தடவை போதவில்லை போலிருக்கிறது, திரும்பவும் வாசித்தாள்.

"என்னப்பா, அம்மா அடிச்சிட்டே இருக்காங்க. போன் எடுக்கலயா?"

"இங்க சிக்னல் இல்லம்மா" என்றார்.

அவர் கையிலிருந்த போன் அந்த நேரம் பார்த்து நாலாவது தடவையாக அடித்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். திரையில் நாலு கட்டையும் நிறைந்திருந்தன. அது அடித்து ஓய்ந்தது.

"ஆமாப்பா. இங்க கிடைக்காது" என்றாள் மகள்.

அவர் கொஞ்சம் நகர்ந்தார். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் எதுவும் கேட்கவில்லை. சாப்டியா என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டார். ரொம்ப நேரம் கழித்து அவளே ஆரம்பித்தாள்.

"இந்தத் தடவையும் சரியா எழுதலப்பா."

"சரிம்மா" என்றார்.