அழிக்கப்பட்ட பூஜ்யங்கள்

வங்காளத்தின் தலைநகரில், செக்டர் ஃபைவில் இருந்த அந்தப் பயிற்சி மையத்தில் மாதவி சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. நகராட்சிகளின் குடிநீர்ப் பிரிவுப் பொறியாளர்கள் அவளிடம் இரண்டு வாரம் படிக்க வருவார்கள். குழாய்களில் பொருத்திய கருவிகள் கால் மணிக்கு ஒரு முறை எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரு சின்ன ஊருக்கே மாதத்தில் லட்சக்கணக்கில் சேர்ந்துவிடும். அவற்றோடு மழை அளவையும் மக்களின் புகார்களையும் ஒரே திரையில் கோத்து, எந்தத் தெருவில் தண்ணீர் கெடப் போகிறது, எங்கே கசிகிறது என்று முன்கூட்டியே சொல்ல அவள் கற்றுக்கொடுத்தாள். அதே நகரத்தின் பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்தவள். வகுப்பெல்லாம் வங்காளத்தில்தான். தமிழ் வீட்டோடு சரி.

ஜனவரியில் வந்த இருபத்திரண்டு பேரில் மூத்தவர் அர்ஜுனன். ஐம்பத்து நான்கு வயது. அப்பா கரக்பூர் ரயில்வே பட்டறையில் இருந்தவர். இவர் நகரத்தின் தெற்கு விளிம்பில் ஒரு நகராட்சியில் உதவிப் பொறியாளர். முதல் நாள் தேநீர் இடைவேளையில், மண் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தார்.

"மேடம் தமிழா? பேரைப் பாத்தேன். கேக்கலாமா வேணாமான்னு இருந்துச்சு."

"தாராளமா கேளுங்க சார். என் தமிழைக் கேட்டு நீங்க சிரிக்காம இருந்தா சரி."

அன்றிலிருந்து இடைவேளைகளில் இருவரும் தமிழில் பேசினார்கள். அவர் முப்பது வருடமாகத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்துச் சரி தவறு சொல்லிக்கொண்டிருந்தவர். கணினி அவருக்குப் பயம். எலிக்குட்டியைப் பிடிப்பதுபோல மவுஸைப் பிடிப்பார். ஆனால் ஒரு நாள் கூடத் தாமதமாக வந்ததில்லை.

இரண்டாவது வாரம், தரவைச் சுத்தம் செய்யும் பாடம். குழாயின் கடைசி முனையில் குளோரின் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் கருவி அடிக்கடி பழுதாகும். கம்பி அறுந்தாலும் பூஜ்யம் காட்டும், முனை காய்ந்தாலும் பூஜ்யம் காட்டும். அதை அப்படியே விட்டால் திரை நாள் முழுக்கச் சிவப்பாக எரியும். அதனால் பூஜ்யங்களை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் முந்தைய ஒரு வாரச் சராசரியைப் போடச் சொல்லி ஒரு விதி. மாதவி எழுதியது. பாடப் புத்தகத்தில் முப்பத்தோராம் பக்கம்.

அர்ஜுனன் கையைத் தூக்கினார். "மேடம், நெஜமாவே குளோரின் இல்லாம பூஜ்யம் வந்தா?"

"அப்படி வரணும்னா தண்ணி ரொம்ப மோசமாயிருக்கணும் சார். அந்த அளவுக்குப் போறதுக்கு முன்னாடி வேற நாலு எண் காட்டிக் கொடுத்துரும். நூத்துல தொண்ணூத்தொம்பது கருவிக் கோளாறுதான்."

பிறகு எல்லோருக்கும் வங்காளத்தில் இதையே சொல்லி, "அர்ஜுன் அண்ணன் மூக்கை நம்புகிறார், நாம் எண்ணை நம்புவோம்" என்று சேர்த்தாள். வகுப்பு சிரித்தது. அர்ஜுனனும் சிரித்தார்.

மார்ச் மாதம் மூன்றாவது வாரத்தில், காலைப் பத்திரிகையின் உள்பக்கத்தில் அவருடைய நகராட்சியின் பெயர் இருந்தது. ஒரே வார்டில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு வாந்தி பேதி. மூன்று பேர் சாவு. மாதவி மடிக்கணினியைத் திறந்து அந்த வார்டின் திரையைப் பார்த்தாள். பச்சை. ஒரு நிமிடம் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, தண்ணீரால் இல்லை என்று. அப்புறம் கை தானாகவே கருவிகள் அனுப்பிய மூல எண்களைத் திறந்தது.

பூஜ்யம். பூஜ்யம். பூஜ்யம். பதினோராம் தேதி மதியத்திலிருந்து வரிசையாக. அதற்குச் சற்று முன்னால் குழாயின் அழுத்தமும், திரை எச்சரிக்கும் அளவுக்கு இல்லை என்றாலும், விழுந்திருந்தது. அழுத்தம் விழுந்தால் வெளியில் உள்ளது குழாய்க்குள் போகும். பக்கத்தில் சாக்கடை இருந்தால் சாக்கடை போகும். வந்த குளோரின் முழுவதையும் அந்தச் சாக்கடையே தின்று தீர்த்திருக்கிறது. விதி அந்தப் பூஜ்யங்களை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டு, போன வாரத்து நல்ல தண்ணீரைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தது.

அவள் அர்ஜுனனுக்குப் போன் போட்டாள். நாலாவது முறைதான் எடுத்தார்.

"சார், உங்க வார்டு..."

"சாவித்திரி போயிட்டா மேடம்" என்றார். "என் வீட்டுக்காரி."

அவர் அந்த வார்டிலேயே குடியிருக்கிறார் என்பது மாதவிக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் பாலிகஞ்ச் ஸ்டேஷனில் லோக்கல் ரயிலேறிப் போனாள். கணவன் அனந்த் தடுத்துப் பார்த்தான். "துக்கம் கேக்கப் போறதுன்னா போ. உன் விதி, உன் தப்புன்னு அங்கே எதையும் உளறிட்டு வராதே" என்றான். அவள் மடிக்கணினியைப் பையில் வைத்துக்கொண்டாள்.

தெரு முழுக்க பிளீச்சிங் பவுடர் நெடி. லாரித் தண்ணீருக்குக் குடங்களோடு வரிசை. சாலையைத் தோண்டியவர்கள் சாக்கடைக் குழாயை உடைத்துவிட்டு அப்படியே மூடிவிட்டுப் போயிருந்தார்கள். இப்போது அதை மறுபடி தோண்டிப் போட்டிருந்தார்கள். அர்ஜுனனின் வீட்டைக் கேட்டபோது வரிசையில் நின்ற ஒரு வங்காளி அம்மாள் கை நீட்டிக் காட்டினாள். காட்டிவிட்டு, "நாற்றம் அடிக்கிறது என்று போய்ச் சொன்னோம். போனைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, குடிக்கலாம் என்றான். அவன் பெண்டாட்டியே போய்விட்டாள், அவனை என்ன சொல்வது" என்றாள்.

அர்ஜுனன் மொட்டையடித்திருந்தார். கரக்பூரிலிருந்து வந்த மகள் தமிழரசி கதவைத் திறந்துவிட்டு, யாரென்று தெரிந்ததும் சமையலறைக்குள் போய்விட்டாள். தண்ணீர் கொண்டுவரவில்லை.

"சஸ்பென்ஷன் ஆர்டர் நேத்து வந்துச்சு. அதை விடுங்க" என்றார் அவர். "மேடம், எனக்கு ஒண்ணு பாக்கணும். எந்த நேரத்துல ஆரம்பிச்சுது?"

மாதவி திறந்து காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"பதினொண்ணாந் தேதி. ரெண்டே கால்." நிமிர்ந்தார். "பதிமூணாம் தேதி காலைல அவ கேட்டா. ஏங்க, தண்ணி என்னமோ மாதிரி இருக்குது, காய்ச்சவான்னு. கேஸ் தீரப் போவுதுன்னு வேற சொன்னா. நான் போன்ல பாத்தேன். பச்சையா இருந்துச்சு. வேணாம், சும்மா குடின்னேன்." கண்ணாடியைக் கழற்றினார். "அவளுக்கு சக்கரை இருந்துச்சு. ஆஸ்பத்திரில படுக்கை கெடைக்கல, வராண்டால போட்டுருந்தாங்க. ரெண்டே நாள்."

"சார், அது நான் எழுதின விதி. நீங்க அன்னிக்கே கேட்டீங்க. நான்தான் கிண்டல் பண்ணினேன்."

"ஆமா" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். மையத்தின் டைரக்டர் மாதவியை அறைக்குக் கூப்பிட்டு, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்றார். அவள் முப்பத்தோராம் பக்கத்தை நகல் எடுத்துப் போய்க் குழுவின் முன் வைத்தாள். விதி தன்னுடையது, அர்ஜுனன் சந்தேகம் எழுப்பியவர், கேட்டவரின் வாயை அடைத்தவள் தானே என்று சொன்னாள். தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். நகலை வாங்கிக் கோப்பில் செருகினார். "உங்கள் நேர்மை பாராட்டத்தக்கது" என்றார்.

மே மாதம் அறிக்கை வந்தது. சாலை தோண்டிய ஒப்பந்தக்காரரின் கவனக்குறைவு ஒரு காரணம். மக்கள் புகார் சொல்லியும் நேரில் போய்த் தண்ணீரைச் சோதிக்காத உதவிப் பொறியாளர் இன்னொரு காரணம். விதியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அர்ஜுனனைப் பதவி இறக்கி, பழைய குழாய்களும் வால்வுகளும் கிடக்கும் கிடங்குக்கு மாற்றியிருந்தார்கள்.

மாதவி பதறிப்போய் அவருக்குப் போன் செய்தாள். "அப்பீல் போங்க சார். நான் சாட்சிக்கு வரேன். எங்க வேணாலும் வரேன்."

"வேணாம் மேடம்."

"அவங்க எழுதினது பொய் சார்."

"பொய்யில்லியே. முப்பது வருஷம் நாக்குல வச்சுப் பாத்தவன். அன்னிக்கு ஒரு வாய் வச்சுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவ கொண்டாந்து நீட்டுனா. வாங்கல." அதோடு வைத்துவிட்டார். அதன் பிறகு அவள் எத்தனை முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை.

அன்று மாலையே அவள் ஆறு வருடத்தில் தன்னிடம் படித்த அத்தனை பேருக்கும், நானூற்றுச் சொச்சம் பேருக்கு, தன் பெயரிலேயே மின்னஞ்சல் அனுப்பினாள். நான் கற்றுக்கொடுத்த ஒரு விதி தவறு, அதனால் மூன்று பேர் இறந்திருக்கிறார்கள், இன்றே அதை நிறுத்துங்கள் என்று. மூன்று பேரின் பெயரையும் எழுதினாள். மூன்றாம் நாள் டைரக்டர் ராஜினாமாவை எழுதித் தரச் சொன்னார். தந்தாள்.

பதில் போட்டவர்கள் பதினேழு பேர். அதில் ஒருவர் வடக்கே ஒரு சிறு நகராட்சிக்காரர். விதியை நிறுத்திவிட்டோம், இப்போது நாளுக்கு நாற்பது முறை சிவப்பு எரிகிறது, எங்களிடம் இருப்பது இரண்டே ஆள், என்ன செய்வது என்று கேட்டிருந்தார்.

நாற்பது முறையும் யாராவது போய்ப் பாருங்கள் என்று அவள் எழுதினாள். இரண்டு ஆளால் அது ஆகாது என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அனுப்பினாள். பிறகு பதில் போடாதவர்களின் போன் எண்களைப் பட்டியலில் தேடி எடுத்து, முதல் எண்ணிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.