சுவரில் பதித்த பெயர்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸில் ஹோல்ராய்ட் என்றால் ஒரு காலத்தில் மூன்று தெரு திரும்பிப் பார்க்கும். அந்தக் குடும்பத்துக்கு இப்போது மிஞ்சியிருப்பது வாடகைக்கு விட்ட ஒரு வீடும், எழுபத்தொன்பது வயது வில்ஃப்ரெடும்தான். அந்த ஒரு வீட்டுக்கும் ஆண்டுதோறும் எரிவாயுச் சோதனை செய்தாக வேண்டும். சான்றிதழ் இல்லாமல் வாடகைக்கு விட முடியாது. கட்டணம் ஏறிக்கொண்டே போய் எழுபது பவுண்டில் வந்து நின்றது. தன் தந்தை கட்டிய வீடு நல்ல வீடு என்று யாரோ ஒருவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்க வேண்டியிருக்கிறதே என்று ஒவ்வொரு ஜனவரியிலும் அவருக்குக் கசக்கும்.

இந்த முறை மட்டும் அந்தக் காசு அவருக்கு உறுத்தவில்லை. அங்கே குடியிருக்கும் டெனீஸ், முதியோர் இல்லத்தில் சமைப்பவள், குளிர் தொடங்கியதிலிருந்து தலைவலி என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். முன்னறையில் எரிவாயுக் கணப்பு எரிந்தாலே தலை கனக்கிறதாம். “எங்க வீட்டுல குடியிருந்த யாருக்கும் தலைவலி வந்ததில்ல” என்று அவர் தொலைபேசியில் சொல்லி வைத்துவிட்டார். சான்றிதழை அவள் கையிலேயே கொடுத்து அந்தப் பேச்சை முடித்துவிட வேண்டும். அதற்காகத்தான் முழங்கால் வலியோடு மேடேறி வந்திருந்தார்.

சோதனைக்கு வந்தவள் ஜோடி என்ற இளம்பெண்.

“ஆளை அனுப்புறேன்னு சொன்னாங்களே?” என்றார் வில்ஃப்ரெட்.

“ஆளுதான் வந்திருக்கேன், ஐயா. டீ கிடைக்குமா, இல்ல அதுக்கும் சான்றிதழ் வேணுமா?”

டெனீஸ் சிரித்துக்கொண்டே கெட்டிலைப் போட்டாள்.

கதவு ஜன்னல்களைச் சாத்தி, கணப்பை எரியவிட்டுக் காத்திருந்தாள் ஜோடி. பிறகு ஒரு புகைக்குச்சியைக் கொளுத்திக் கணப்பின் விளிம்பில் பிடித்தாள். புகை உள்ளே இழுபட்டுச் சிம்னிக்குள் போயிருக்க வேண்டும். அது சற்றுத் தயங்கி, வளைந்து, அறைக்குள் திரும்பி வந்தது.

“சிம்னியைப் போன வருஷம்தான் சுத்தம் பண்ணினது” என்றார் வில்ஃப்ரெட் அவசரமாக.

ஜோடி ஜன்னலைத் திறந்தாள். உடனே புகை ஒழுங்காக மேலே போயிற்று.

“சிம்னி நல்லாத்தான் இழுக்குது. ரூமுக்குள்ள காத்துதான் வரல. அதான் கணப்போட விஷவாயு உள்ளேயே திரும்புது, தலைவலி வரத்தான் செய்யும்.”

ஜன்னலுக்குக் கீழே காற்று வருவதற்கான சல்லடை இருந்தது. வில்ஃப்ரெட் டெனீஸின் பக்கம் திரும்பினார்.

“குளிருதுன்னு துணி கிணி திணிச்சு வச்சியா?”

“கழட்டிப் பாத்துக்கங்க, மிஸ்டர் ஹோல்ராய்ட். உங்களுக்கு எம்மேல எப்பவும் சந்தேகந்தான்.”

ஜோடி சல்லடையைக் கழற்றினாள். ஒரு நூல்கூட உள்ளே இல்லை. துளைக்குள் நீளத் திருப்புளியை விட்டாள். டக் என்று கல்லில் இடித்தது.

அந்தச் சத்தத்திலேயே வில்ஃப்ரெடுக்குப் புரிந்துவிட்டது. வெளியே போய்ப் பார்க்க வேண்டியதில்லை. ஆனாலும் போனார்.

போன செப்டம்பரில் அவர்தான் அந்தக் கருங்கற்பலகையைப் பதித்தார். ‘ஜோசையா ஹோல்ராய்ட் கட்டியது, 1934.’ மற்ற வீடுகளெல்லாம் கைமாறிப் போயின, இந்த ஒரு சுவரிலாவது அப்பாவின் பெயர் இருக்கட்டும் என்று நினைத்தார். ஜன்னலுக்குக் கீழே ஓட்டை ஓட்டையாக ஒரு செங்கல் அசிங்கமாகத் தெரிந்தது. அதை மூடியபடி கல்லை வைத்து, சுற்றிலும் சிமெண்டைப் பூசச் சொன்னார்.

“யாரு இதை இங்க வச்சது?” என்றாள் ஜோடி.

டெனீஸுக்குத் தெரியும். அவள் அவரைப் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. அது அவரைச் சுட்டது.

“நான்தான்” என்றார் வில்ஃப்ரெட்.

“பேரு அழகாத்தான் இருக்கு, ஐயா. ஆனா அவரு பாத்துப் பாத்து விட்ட வழியை நீங்க அடைச்சிட்டீங்களே.” ஜோடியின் குரலில் கேலி போயிருந்தது. “இது இருக்கிற வரைக்கும் கணப்பைத் துண்டிச்சுத்தான் வைக்கணும். கல் வேலை தெரிஞ்ச ஆளை வச்சுப் பதமா எடுங்க. அடுத்த வாரம் திரும்ப வர்றேன்.”

“இப்பவே எடுத்தா?”

“உடைஞ்சிரும்.”

தூறல் பனியாக மாறிக்கொண்டிருந்தது. டெனீஸ் கம்பளிச் சட்டையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். வில்ஃப்ரெடுக்கு எல்லாம் அலுத்துப்போயிருந்தது, தன் நிமிர்ந்த முதுகு உட்பட.

“உளி இருக்கா?” என்றார்.

ஜோடி உளியை அடித்தாள், அவர் கல்லைக் கீழே தாங்கிப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் பெயர் ஒரு துண்டிலும் குடும்பத்தின் பெயர் இன்னொன்றிலுமாக அது அவர் கைக்கு வந்தது.

மறுபடி ஜன்னலைச் சாத்தி, குச்சியைக் கொளுத்தினார்கள். புகை நேரே மேலே போயிற்று. ஜோடி சான்றிதழில் கையெழுத்திட்டு நீட்டினாள். இரண்டாவது சோதனைக்குத் தனியாகக் காசு வேண்டாம் என்றாள். ஹோல்ராய்டுகள் சலுகை வாங்குவதில்லை என்று சொல்லி அதையும் கொடுத்துவிட்டார்.

சான்றிதழை டெனீஸிடம் நீட்டினார்.

“நாளைக்கே டாக்டரைப் பாத்துரும்மா. எதனாலன்னு கேட்டா என் பேரைச் சொல்லு.”

“கல்லை என்ன பண்ணப் போறீங்க? கொஞ்சம் தள்ளி வச்சுக்கலாமே. எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல.”

“இருக்கட்டும்” என்றார். இரண்டு துண்டுகளையும் கடைப்பையில் போட்டுக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே இறக்கத்தில் நடந்தார்.